தவளையும் அதன் வாயும்

கடற்கரைச் சாலையில் சாயங்காலம் என்னோடு நடக்க வருபவன் என் பள்ளித் தோழன். 1962-இல் அவன் அப்பா பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார், என் அப்பா வேண்டாம் என்று விட்டுவிட்டார். அதனால் அவன் சொல்தா ஆனான், நான் கிளார்க் ஆனேன். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பிரெஞ்சுப் புத்தகத்தைப் படித்தவர்கள். இன்றைக்கு அவனுக்கு யூரோவில் பென்ஷன், எனக்கு ரூபாயில். அந்த வருத்தத்தை முன்பே ஒரு கட்டுரையில் கொட்டியாகிவிட்டது. இப்போது வேறு விஷயம்.

போன வாரம் காந்தி சிலைக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது பேச்சு அரசியல்வாதிகளின் வாய்க்குப் போனது. பெண்களைப் பற்றி ஏதாவது உளறிவிட்டு, எதிர்ப்பு வந்ததும் "என் பேச்சைத் திரித்துவிட்டார்கள்" என்று சொல்வது எல்லாக் கட்சியிலும் நடக்கிறது. அவன் சொன்னான்: "அமெரிக்காவுல பாருடா, ஒருத்தன் ஒரே ஒரு வாக்கியம் பேசி செனட் சீட்டையே விட்டான். தவளை தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க. அங்க ஜனங்களுக்கு ரோஷம் இருக்கு."

நான் அவனோடு ஒத்துப்போகவில்லை. அங்கேயே வாதாடினேன். அப்புறம் கொசு கடிக்க ஆரம்பித்ததால் எழுந்துவிட்டோம். மீதியை இங்கே எழுதுகிறேன்.

அவன் சொன்ன ஆள் டாட் எய்க்கின். மிசௌரி மாநிலத்துக்காரர். ஆறு தடவை காங்கிரஸ் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், அந்தச் சபையின் அறிவியல் குழுவில் உறுப்பினர் வேறு. 2012-இல் குடியரசுக் கட்சியின் செனட் வேட்பாளர். ஆகஸ்டு 19-ஆம் தேதி செயின்ட் லூயிஸ் நகரத் தொலைக்காட்சி ஒன்றில் அவரைக் கேட்டார்கள்: பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணுக்காவது கருக்கலைப்பை அனுமதிக்கலாமா? அவர் சொன்ன பதிலின் சாரம் இது. டாக்டர்கள் சொன்னபடி அப்படிக் கர்ப்பமாவது மிக அபூர்வம், "உண்மையான" பலாத்காரமாக இருந்தால் பெண்ணின் உடம்பே அதைத் தடுத்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது.

இதில் இரண்டு விஷம் இருக்கிறது. பலாத்காரத்தில் உண்மையானது, பொய்யானது என்று தரம் பிரிப்பது ஒன்று. கர்ப்பமானாள் என்றால் அவளுக்கும் சம்மதம் இருந்திருக்கும் என்று சொல்லாமல் சொல்வது இன்னொன்று. இது அவர் கண்டுபிடித்ததும் இல்லை. சம்மதம் இல்லாமல் பெண் கருத்தரிக்க மாட்டாள் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டு இங்கிலாந்துச் சட்ட நூலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எழுநூறு வருடம் கழித்து அறிவியல் குழு உறுப்பினர் வாயிலிருந்து அதே சரக்கு வந்தது.

நாடே கொந்தளித்தது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் சங்கம் இதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை என்று அறிக்கை விட்டது. சொந்தக் கட்சியின் அதிபர் வேட்பாளர் மிட் ராம்னியே அவரைப் போட்டியிலிருந்து விலகச் சொன்னார். கட்சி பணத்தை நிறுத்தியது. எய்க்கின் தொலைக்காட்சியில் மன்னிப்புக் கேட்டார், ஆனால் விலகவில்லை. நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் கிளேர் மெக்காஸ்கிலிடம் ஏறக்குறைய 16 சதவீத வித்தியாசத்தில் தோற்றார். அதே நாளில் அதே மாநிலத்தில் ராம்னி ஜெயித்தார். அதாவது ஒரே சீட்டில் ராம்னிக்குப் போட்ட கை எய்க்கினைத் தாண்டிப் போயிருக்கிறது. அதே தேர்தலில் இண்டியானாவில் ரிச்சர்ட் மர்டாக் என்பவர், பலாத்காரத்தால் உண்டாகும் கர்ப்பமும் ஆண்டவன் நினைத்து நடப்பதே என்று விவாத மேடையில் பேசி, அவர் கட்சி 36 வருடம் வைத்திருந்த செனட் இடத்தைப் பறிகொடுத்தார்.

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்றில் எய்க்கின் ஜெயித்தால் தனக்குச் சுலபம் என்று கணக்குப் போட்டு, அவர் மிகத் தீவிரமான பழமைவாதி என்று மெக்காஸ்கிலே காசு செலவழித்து விளம்பரம் கொடுத்தாராம். திட்டுவது போல ஏற்றிவிடும் விளம்பரம். பிறகு தன் புத்தகத்தில் அவரே இதை எழுதியிருக்கிறார். புதுச்சேரி அரசியலைப் பார்த்துப் பழகிய எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இதுவரை என் நண்பன் சொன்னது சரி. தவளை கெட்டது. அதற்கு மேலே அவன் பார்க்கவில்லை என்பதுதான் என் சண்டை.

எய்க்கின் 2014-இல் ஒரு புத்தகம் எழுதினார். மன்னிப்புக் கேட்டதற்காக அதில் வருத்தப்பட்டார். 2018-இல் மெக்காஸ்கில் தோற்று அந்தச் செனட் இடம் மறுபடி குடியரசுக் கட்சிக்கே போனது. 2019-இல் மிசௌரி சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. உச்ச நீதிமன்றம் என்றைக்குப் பழைய தீர்ப்பைக் கைவிடுகிறதோ அன்றைக்கே கருக்கலைப்பு முழுத் தடை, தாயின் உயிருக்கு அவசர ஆபத்து போன்ற நிலைக்கு மட்டும் விலக்கு, செய்யும் டாக்டருக்கு 5 முதல் 15 வருடம் வரை சிறை. பலாத்காரத்துக்கு விலக்கு? இல்லை. 2022 ஜூன் 24-ஆம் தேதி 1973-ஆம் வருடத்து ரோ தீர்ப்பை உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது. சில நிமிடங்களுக்குள் தடையை அமலுக்குக் கொண்டுவந்த முதல் மாநிலம் மிசௌரி. எய்க்கின் அதைப் பார்க்க இல்லை, 2021 அக்டோபரிலேயே இறந்துவிட்டார்.

அவர் உளறியபோது பலாத்காரத்தில் உண்மை பொய் என்றாவது பிரித்தார். அந்தச் சட்டம் அந்தப் பிரிவினையைக்கூட வைக்கவில்லை. அதற்குக் கை தூக்கியவர்கள் யாரும் தொலைக்காட்சியில் வாய் தவறவில்லை. நாசூக்காகப் பேசினார்கள், கோட்டு போட்டுக்கொண்டு வந்தார்கள், ஜெயித்தார்கள்.

அப்படியானால் 2012-இல் மிசௌரி ஜனங்கள் தண்டித்தது எதை? வார்த்தையைத்தான் என்று நான் நினைக்கிறேன். எய்க்கின் கட்சிக்கு அவர் சொன்ன கருத்தில் கோபம் இல்லை, சத்தமாகச் சொன்னதில்தான் கோபம். அந்த மாநிலத்து ஜனங்களைக் குறை சொல்லவும் முடியாது. 2024 நவம்பரில் இந்த விஷயம் நேரடியாக வாக்குச்சீட்டில் வந்தபோது, 51 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே ஆதரவு தந்து கருக்கலைப்பு உரிமையை மாநில அரசமைப்பில் எழுதினார்கள். அன்றைக்கு அதே மாநிலத்தில் டிரம்ப் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆளைக் கேட்டால் ஒரு பதில், விஷயத்தைக் கேட்டால் வேறு பதில். இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் அந்த மாநிலத்துப் பெண்கள் பட்டது யார் கணக்கில்?

இதனால்தான் யாராவது மந்திரி பெண்களைப் பற்றி அசிங்கமாகப் பேசி, "மன்னிப்புக் கேள்" என்று கோஷம் எழும்போது எனக்கு அலுப்பாக இருக்கிறது. மன்னிப்பு ஒரு நிமிடத்து வேலை. நாளைக்கு நீ எந்தச் சட்டத்துக்குக் கை தூக்குவாய் என்று கேட்டால் பதில் வராது.

இதற்கு நேர் எதிரான கதை பிரான்சில் நடந்தது. இதை என் நண்பனுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1974 நவம்பரில் அவன் பிரான்சில், ஃப்ரேழூய்ஸ் ஊரில் பட்டாளத்தில் இருந்தான். பாரக்கில் ரேடியோவில் செய்தி கேட்டதாகச் சொன்னான்.

சுகாதார மந்திரி சிமோன் வெய் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கும் மசோதாவை நவம்பர் 26-ஆம் தேதி பாராளுமன்றத்தில் வைத்தார். சபையில் 490 உறுப்பினர்கள், அதில் பெண்கள் ஒன்பது பேர். ஏறக்குறைய முழுக்க ஆண்களே இருக்கிற சபையில் ஒரு பெண்ணின் நம்பிக்கையைச் சொல்வதற்கு மன்னிக்கவும் என்கிற மாதிரிதான் அவர் ஆரம்பித்தார். எந்தப் பெண்ணும் சந்தோஷமாக இந்தக் காரியத்துக்குப் போவதில்லை என்றார். வருடத்துக்கு மூன்று லட்சம் பெண்கள் மறைவாகச் செய்துகொண்டு உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று கணக்குச் சொன்னார்.

மூன்று நாள் விவாதம். ரெனே ஃபேய் என்ற உறுப்பினர் சில வாரக் கருவின் இதயத் துடிப்பை ஒலிநாடாவில் போட்டுக் காட்டினார். ழான்-மாரி தையே என்பவர், கருக்களை மனிதர்களை எரித்த சூளையில் போடுவதை ஒப்புக்கொள்வீர்களா என்கிற தோரணையில் கேட்டார். அவர் யாரிடம் கேட்டார் என்று பாருங்கள். சிமோன் வெய் 16 வயதில் நீஸ் நகரத்தில் பிடிக்கப்பட்டு ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டவர். அம்மா பெர்கன்-பெல்சன் முகாமில் செத்தார். அப்பாவும் அண்ணனும் திரும்பி வரவே இல்லை. தையே பிறகு வருத்தம் தெரிவித்தார், அவருடைய பழைய கதை தனக்குத் தெரியாது என்றார். தெரிந்திருக்காவிட்டால் மட்டும் அந்த வார்த்தை சரியா? வெய் குடியிருந்த கட்டடத்தில் ஸ்வஸ்திகாவும் வரைந்தார்கள்.

நவம்பர் 29 விடியற்காலையில் ஓட்டெடுப்பு. ஆதரவு 284, எதிர்ப்பு 189. ஆளும் கூட்டணியில் பெரும்பாலோர் கைவிட்டார்கள், எதிர்க்கட்சி இடதுசாரிகள் ஓட்டுப் போட்டதால்தான் மசோதா தேறியது. 1975 ஜனவரி 17-இல் சட்டம் வந்தது, முதலில் ஐந்து வருடத்துக்கு மட்டும். வெள்ளோட்டம் விடுவது போல. 1979 கடைசியில் நிரந்தரம் ஆனது. வார்த்தையால் அடித்தார்கள், அந்தப் பெண்மணி வாங்கிக்கொண்டார், சட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அமெரிக்கத் தீர்ப்பைப் பார்த்துப் பயந்த பிரான்ஸ் 2024 மார்ச் 4-ஆம் தேதி வெர்சாய் அரண்மனையில் இரண்டு சபையும் கூடி, 780-க்கு 72 என்ற கணக்கில் இந்தச் சுதந்திரத்தை அரசமைப்பிலேயே எழுதிவிட்டது. சிமோன் வெய் 2017-இலேயே காலமாகி, 2018 முதல் பாந்தியோனில் இருக்கிறார்.

"அப்போ பாரக்குல நீங்கள்லாம் என்னடா பேசிக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"சிரிச்சோம்" என்றான். பிறகு கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாங்கள் படித்த பிரெஞ்சுப் புத்தகங்களில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று மூன்று வார்த்தை அடிக்கடி வரும். எங்களுக்கு அதை விளக்கிச் சொன்ன மதாம், நல்ல கண்டிப்பான அம்மையார். 1963 என்று ஞாபகம். பிரான்சில் கல்யாணமான பெண் புருஷனைக் கேட்காமல் வேலைக்குப் போகலாம், தன் பெயரில் வங்கிக் கணக்கு வைக்கலாம் என்று சட்டம் வந்ததே 1965-இல்தான் என்று எனக்குத் தெரிந்தபோது நான் ரிட்டயர் ஆகியிருந்தேன். ஓட்டுரிமையே 1944-இல்தான். 1943 ஜூலை 30-ஆம் தேதி, கருக்கலைப்பு செய்துவிட்டதற்காக மாரி-லூயிஸ் ழிரோ என்ற செர்பூர் நகரத்துப் பெண்ணின் தலையைப் பாரிசில் கில்லட்டினில் வெட்டினார்கள். பெத்தேன் கருணை காட்டவில்லை. இதெல்லாம் எங்கள் பாடத்தில் இல்லை. ஜோன் ஆஃப் ஆர்க் இருந்தாள்.

சரி, அடுத்தவர் ஊர்க் கதையைப் பேசுவது சுலபம். இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்த காரணம் வேறு. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் அந்தக் கோட்டு போட்ட ஆட்களில் ஒருவன்.

கருக்கலைப்புச் சட்டம் நம் நாட்டில் பிரான்சுக்கு முன்பே வந்துவிட்டது. 1971-இல் நிறைவேறி 1972 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. பலாத்காரத்தால் உண்டான கர்ப்பத்துக்கு அதில் தெளிவாக இடம் இருந்தது. இன்னொன்றும் இருந்தது. கல்யாணமான பெண்ணோ அவள் கணவனோ கர்ப்பத்தடைக்கு எடுத்த முயற்சி தோற்றுப்போனால், அதையே காரணமாகச் சொல்லலாம். பதினெட்டு வயதான பெண்ணுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும், புருஷன் கையெழுத்து வேண்டாம். (கல்யாணம் என்ற நிபந்தனையை 2021 திருத்தத்தில் எடுத்தார்கள், 2022-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாக்கியது.)

அந்த வருடங்களில் நான் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை எழுத்தர். இந்தச் சட்டம் சம்பந்தமான சுற்றறிக்கை என் மேஜை வழியாகத்தான் போனது. நகல் எடுத்து, எண் போட்டு, கோப்பில் கட்டியது என் கை. படித்தும் பார்த்தேன். படிக்காமல் கட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம். அவர் மில் தொழிலாளி. அந்த அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள், வயது முப்பதுகூட இருக்காது. என் மனைவியிடம் ரகசியமாகப் பேசியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் கொடுத்ததைத்தான் வைத்திருந்தோம், அப்படியும் நின்றுவிட்டது, நாலாவது தாங்காது, பெரியாஸ்பத்திரியில் சட்டப்படி செய்வார்களாமே, உன் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்குமே, கேட்டுச் சொல்லேன் என்று. என் மனைவி குசினியிலிருந்து வந்து, கதவோரம் நின்று என்னைக் கேட்டாள். அந்த அம்மாவும் உள்ளே இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாசலில் அவள் செருப்பு கிடந்தது.

நான் பேப்பரை மடிக்காமலே சொன்னேன்: "அதெல்லாம் தப்புத்தண்டா பண்ணின கேசுகளுக்கு. குடும்பத்துப் பொம்பளை கேக்கிற விஷயமா இது?"

சட்டம் எனக்குத் தெரியும். அந்தச் சட்டம் அப்போது முக்கியமாக அவளைப் போன்ற குடும்பத்துப் பெண்ணுக்காகவே எழுதப்பட்டிருந்தது என்பதும் தெரியும். ஏன் அப்படிச் சொன்னேன்? கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. வீட்டில் அந்தப் பேச்சு வேண்டாம் என்று தோன்றியது. ஒரு சங்கடம். அவ்வளவுதான். எய்க்கினும் அன்றைக்கு ஸ்டூடியோவில் சங்கடத்தைத் தாண்டிப் போகத்தான் ஏதோ சொல்லியிருப்பாரோ என்று சில நேரம் நினைத்துக்கொள்வேன்.

அவள் ஊருக்கு வெளியே ஏதோ ஒரு கிழவியிடம் போனாள். எட்டு நாள் ஜுரம். ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

ஊரில் யாரும் வாய் திறந்து காரணத்தைச் சொல்லவில்லை. சாவுக்குப் போனபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இறப்புப் பதிவு செய்ய என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். மனுவை நான்தான் எழுதினேன். இறப்புக்குக் காரணம் என்ற இடத்தில் "காய்ச்சல்" என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும், பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் அடித்துப் பழக்கியது. அடுத்த வருடம் எனக்கு மேல்நிலை எழுத்தராகப் பதவி உயர்வு வந்தது. தேர்தலில் நிற்காதவன் எதில் தோற்பான்?

என் மனைவி இதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினாள், நான் ரிட்டயர் ஆன பிறகு. "அன்னிக்கு நீங்க ஒண்ணும் சொல்லாம இருந்திருந்தாக்கூட நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்" என்றாள். "நீங்க சொன்னதக் கேட்டுட்டு அவ எழுந்து பின்பக்கமாப் போய்ட்டா."

இதையெல்லாம் நேற்று கடற்கரையில் நண்பனிடம் சொன்னேன். ஐம்பது வருடத்தில் அவனிடம் சொன்னது இதுவே முதல் தடவை. அவன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பிள்ளைங்களுக்குத் தெரியுமாடா?" என்று கேட்டான்.

தெரியாது. மூத்த பெண் இப்போது பாட்டி ஆகிவிட்டாள். பொங்கலுக்குப் பொங்கல் எங்கள் வீட்டுக்கு வந்து, எங்கள் காலில் விழுந்து கும்பிட்டு, "பெரியப்பா, அம்மாவுக்கு என்ன காய்ச்சல்னு உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்று ஒரு வருடம் கேட்டாள். பேத்திக்கு உடம்பு சரியில்லை, குடும்பத்தில் யாருக்கு என்ன வியாதி என்று டாக்டர் கேட்டாராம். டைபாய்டாக இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன்.